பூஜையறையில் பினியன்

மாஞ்சோலை எஸ்டேட் ஜீப்பில் முன்சக்கரம் இழுக்காமல் போய் ஒரு மாதம் ஆகிறது. புதுச் சாமான் வாங்க எஸ்டேட் மேலிடத்துக்கு மனம் வரவில்லை. பழசு கிடைத்தால் மாட்டிக்கொள் என்று டிரைவர் ஜெபசீலனிடம் சொல்லிவிட்டார்கள். அவனுக்கோ அவசரம். நாளை மறுநாள் அவன் மனைவி சாலோமியை அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். வயிற்றில் தையல், கையில் பச்சைப்பிள்ளை. பஸ் நிற்கிற இடத்துக்கு மேலே அவன் வீட்டுக்கு இரண்டு மைல் சேற்றுப்பாதை. நாலு சக்கரமும் இழுத்தால்தான் ஜீப் ஏறும்.

விசாரித்து விசாரித்து வண்ணார்பேட்டையில் தில்லைநாயகம் பிள்ளை வீட்டைப் பிடித்தான். ரிட்டயரான தாசில்தார். ஏலத்தில் எடுத்த ஜீப்பை ஓட்டத் தெரியாமல் கொல்லையில் போட்டுவைத்து, இப்போது பாகம் பாகமாகக் கழற்றி விற்றுக்கொண்டிருந்தார். அவர் நீட்டிய, முன்சக்கரத்துக்கு விசை தரும் கிரௌன் வீல் என்ற பெரிய பல்வட்டத்தைப் பல் பல்லாகத் தடவிப் பார்த்த ஜெபசீலன், இதன் பல்லில் கோத்து இதைச் சுழற்றுகிற ஜோடி பினியன் எங்கே என்றான். இரண்டும் ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை. பிரித்து வேறொன்றோடு சேர்த்தால் நாலே நாளில் பல் பெயர்ந்துவிடும்.

பிள்ளை சாக்கையெல்லாம் கவிழ்த்துப் பார்த்துவிட்டு மனைவி கோமுவைக் கேட்டார். கோமு ஆச்சி பூஜையறைக் கதவைத் திறந்தாள்.

உள்ளே பட்டை பட்டையாகத் திருநீறு பூசி, செவ்வரளி சூடி நின்றது பினியன். கீழே அகன்ற பல்வட்டம், மேலே வழவழப்பான தண்டு. கொல்லையில் மழையில் நனைந்துகொண்டிருந்த லிங்கத்தைக் கண்டு ஆச்சிக்கு மனசு பொறுக்கவில்லையாம். தூக்கிவந்து மூன்று மாதமாகப் பூஜை நடக்கிறது. பிள்ளையும் தினமும்தான் கும்பிட்டிருக்கிறார். பக்திமான் அல்லவா, கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டிருக்கிறார்.

ஜெபசீலன் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டான். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் ஒருவன் வந்து, சாமியை எடுத்துக் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பான்? பிள்ளை, இது வெறும் இரும்பு என்று மெல்ல ஆரம்பித்தார். ஆச்சி முறைத்த முறைப்பில் அடங்கிப்போனார்.

"ஆச்சி, நான் இரும்புன்னு சொல்ல மாட்டேன்," என்றான் ஜெபசீலன். "ஆனா இது இல்லாம எம் பொஞ்சாதியும் பிள்ளையும் வீடு வந்து சேர முடியாது." தையலையும் சேற்றையும் சொன்னான்.

ஆச்சி கற்பூரம் ஏற்றிக் காட்டி, பூவை எடுத்து வைத்துவிட்டு, பினியனை இரு கையாலும் தூக்கி அவனிடம் கொடுத்தாள்.

"இங்கன சும்மா உக்காந்து என்ன செய்யுதாரு? போயி வண்டிய இழுக்கட்டும்."

பிள்ளை விலை சொல்ல வாயெடுத்தார். கிரௌனுக்கு மட்டும் விலை சொல்லுங்கள், சாமியை விற்ற குடும்பம் என்ற பெயர் நமக்கு வேண்டாம் என்று ஆச்சி அடக்கிவிட்டாள்.

மூன்றாம் நாள் மாலை, தூறலில், பினியன் மாட்டிய ஜீப் சேற்றுப்பாதையின் கடைசி ஏற்றத்தில் வழுக்கிப் பின்னால் சரிந்தது. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு "ஏசப்பா" என்றாள் சாலோமி.

"சிவசிவா," என்றான் ஜெபசீலன்.

சாலோமி அவனைத் திரும்பிப் பார்த்து முறைப்பதற்குள் முன்சக்கரம் மண்ணைப் பிடித்தது. ஜீப் ஏறி வீட்டு வாசலில் போய் நின்றபோதும் குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தது.