வியாழக்கிழமை ரயிலும் இறங்காத சூரியனும்

துரிஞ்சலாற்று ரயில் பாலத்தருகே, வியாழக்கிழமைகளில் வடக்கே போகும் நெடுந்தூர ரயில் கடந்து முடிக்கும்வரை சூரியன் மறைவதில்லை. வண்டி நேரத்துக்கு வந்தால் இது யாருக்கும் தெரியாது. நேரத்துக்கு வருவது அபூர்வம் என்பதால் எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் தை மாதத்தில் ஒருநாள் ஐந்தே முக்காலுக்கு வரவேண்டிய வண்டி ஏழேகாலுக்கு வந்தது. அதுவரை அண்ணாமலையின் தோளருகே சூரியன் நின்ற இடத்திலேயே நின்றது. அன்று கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இந்த வெளிச்சம் பாலத்துக்கு இந்தப் பக்கம் இரண்டு வயல், அந்தப் பக்கம் மூன்று வயல் தூரம்தான். அதைத் தாண்டினால் நல்ல இருட்டு, வீடுகளில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும். பாலத்தடியில் டீக்கடை வைத்திருக்கும் குலாம் ரசூல், ரமலானில் வியாழன் வந்தால் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்று வயல் நடந்து, இருட்டுக்குள் போய் நோன்பு திறந்துவிட்டு மறுபடி வெயிலுக்கு வந்து டீ ஆற்றுவார். அவருக்கு இதில் குறை ஒன்றும் இல்லை.

இதெல்லாம் வீரேந்திரனால்தான் நடக்கிறது என்று ஊர் முடிவு செய்திருந்தது. வேங்கிக்காலில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், சமணர் என்பதால் ஊருக்கு அவர் நயினார், பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை வாயில் வைக்காதவர். ஒவ்வொரு வியாழனும் ஆற்றின் கிழக்குக் கரையில் கேமராவோடு நின்று, மலையும் ஆறும் பாலத்தின் மேல் ரயிலும் ஒன்றாக விழும்படி படம் எடுப்பார். வண்டியின் சத்தம் தூரத்தில் கேட்ட பிறகுதான் அங்கேயே கட்டுச்சோற்றைப் பிரித்து இரண்டு வாய் போட்டுக்கொள்வார். நயினார் பட்டினி கிடக்கக்கூடாது என்று சூரியனே காத்திருக்கிறது என்றார்கள். முதலில் மறுத்தார், பிறகு மறுப்பதைக் குறைத்துக்கொண்டார். புகழ்ச்சி யாரைத்தான் விட்டது? ரயில் படம் எடுப்பவர்களின் குழுவில் மட்டும் அவருக்கு மரியாதை கிடைக்கவில்லை. படத்தில் மணி ஏழேகால் என்கிறது, தண்ணீரில் வெயில் மின்னுகிறது, கம்ப்யூட்டரில் செய்த வேலை என்று அவரைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

உண்மையில் அவருக்கு ரயில்மேல் பெரிய ஆசை எதுவும் கிடையாது. அந்த வண்டியின் எஞ்சினில் துணை டிரைவராகப் போவது அவருடைய ஒரே மகள் த்ரிசலா. நான்கு வருஷத்துக்கு முன்பு வேலைக்கான கடிதம் வந்த அன்று, ராத்திரியில் சோறு தின்கிற வேலை நம் வீட்டுப் பெண்ணுக்கு வேண்டாம் என்றார் இவர். நான் ராத்திரியில் சாப்பிட மாட்டேன் என்றாள் அவள். பசி வந்தால் பார்க்கலாம் என்று இவர் சொன்ன அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் போயிற்று. பெட்டியை எடுத்துக்கொண்டு போனவள் தாயிடம் மட்டும் பேசினாள். இவருக்கும் கேட்க வாய் வரவில்லை. வியாழன்தோறும் பத்து விநாடி, எஞ்சின் ஜன்னலில் ஒரு நிழலாக அவளைப் பார்ப்பதற்குத்தான் மலையும் ஆறும் சாக்காயின. பாவம், ஒருநாளும் அவர் கையசைத்ததில்லை. படங்களில் அவள் கைகூப்பியபடி இருப்பாள். எஞ்சின் ஓட்டுகிறவர்கள் பலரும் அந்த இடத்தில் மலையைக் கும்பிடுவது வழக்கம். சாப்பாட்டு நியமத்தையும் விட்டாள், சாமியையும் மாற்றிக்கொண்டாள் என்று அவர் உள்ளுக்குள் நொந்துகொண்டார்.

இந்த மாசியில் அவர் டீக்கடையில் உட்கார்ந்து கேமராவின் சின்னத் திரையில் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, குலாம் ரசூல் தோள்வழியாக எட்டிப் பார்த்தார். பொழுது சாய்வதையும் சோற்றையும் சேர்த்து யோசித்துப் பழகிய மனிதர் அவர்.

"நயினாரே, கும்பிட்டவங்க அடுத்த படத்துல டப்பாவ ஏன் தொறக்கணும்? பொண்ணு சாப்புடுதுங்க."

வீரேந்திரன் வரிசையாகத் தள்ளிப் பார்த்தார். கூப்பிய கை, திறந்த டப்பா, வாய்க்குப் போகும் கை, மூடிய டப்பா. அதற்கு அடுத்த படம் வெறும் இருட்டு. பொழுது போனபின் விழுந்த படம் எதற்கு என்று அந்த இருட்டுப் படத்தை அவர் வாராவாரம் அழித்துவந்தார். சாப்பிடும் முன் நவகார மந்திரம் சொல்லக் கைகூப்ப வேண்டும் என்று அவளுக்கு மூன்று வயதில் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். சூரியன் இத்தனை நாளும் நின்றது யாருக்காக என்று அப்போது விளங்கிற்று. டீ ஆறிப்போய் ஆடை கட்டியது.

வீட்டுக்கு வந்து மனைவி சௌம்யாவிடம் கேட்டார். அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

"கரையில நீங்க நிக்கறப்ப சாப்ட்டா, உங்க எதிர்க்க உக்காந்து சாப்படற மாதிரி இருக்குதாம். நாலு வருஷமா இத நீங்க ஒரு தடவ கூட கேக்கல."

அடுத்த வியாழன் அவர் கரைக்குப் போகவில்லை. சௌம்யா கட்டிக்கொடுத்த சோற்றோடு நேராகப் பாலத்துக்கு அடுத்த ஸ்டேஷனுக்குப் போய், எஞ்சின் வந்து நிற்கும் பிளாட்பார முனையில் ஐந்து மணிக்கே நின்றுகொண்டார். வண்டி இரண்டு மணி நேரம் தாமதம். ஏழே முக்காலுக்குப் பாலத்தை நெருங்கிய த்ரிசலா கரையைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. அப்பாவுக்கு என்ன ஆயிற்றோ என்ற பதற்றத்தில் அவள் டப்பாவைத் திறக்கவே இல்லை. ரயில் பாலத்தைக் கடந்தது. சூரியன் வழக்கம்போல் இறங்க முடியாமல், வேறு வழியின்றி ரயிலோடு வந்தது. ஸ்டேஷனுக்கு முன்னால் சாரோன் பக்கத்து வீடுகளில் கோழிகள் மறுபடி எழுந்து வெளியே வந்தன. ஸ்டேஷன் கடிகாரம் ஏழு ஐம்பத்துமூன்று காட்டியபோது பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் கண்ணுக்குமேல் கை வைத்துக்கொண்டார்கள்.

எஞ்சின் கதவில் நின்றிருந்த மகளின் முகம் வெளிறிப்போயிருந்தது. வண்டி அங்கே நிற்பது இரண்டு நிமிடம். வீரேந்திரன் சோற்று டப்பாவோடு எஞ்சின் கதவுக்கு அடியில் போய் நின்றார். அவளே ஆரம்பித்தாள்.

"கரையில உங்கள காணோம்பா. எனக்கு சோறே எறங்கல."

"நான் சொன்னது தப்பும்மா," என்று அவர் டப்பாவை மேலே நீட்டினார். "சாப்புடு. வெளிச்சம் இருக்குது."

அவள் கைகூப்பினாள். கீழே நின்றபடி அவரும் கூப்பினார். ஒரு வாய் அவள் எடுத்தாள், குனிந்து ஒரு வாய் அவருக்குக் கொடுத்தாள். பெரிய டிரைவர் சிக்னலைப் பார்ப்பவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். பச்சை விழுந்தது, அவள் டப்பாவை வழித்து மூடினாள், வண்டி நகர்ந்தது. கடைசிப் பெட்டி கண்ணில் இருக்கும்போதே பட்டென்று இருட்டிவிட்டது. வீரேந்திரன் இருட்டில் கைகழுவக் குழாயைத் தேடினார்.

இப்போது வியாழக்கிழமைகளில் பிளாட்பார விளக்கைப் போடும் ஊழியர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. நயினாரும் மகளும் சாப்பிட்டாயிற்றா என்று பிளாட்பார முனையைத்தான் எட்டிப் பார்க்கிறார்.