கோத்தகிரியில் பர்லியாற்றுப் புல்

கோத்தகிரியில் ஹெட்கிளார்க் டக்ளஸ் வீட்டுப் புல்தரையில் நாலு ஊர் வானிலை இருந்தது. ஆனி, ஆடியில் கேட்டை ஒட்டிய திட்டில் மட்டும் நெல்லியாளத்து மழை அடித்து ஊற்றும். அதிலிருந்து இரண்டு முழம் தள்ளிக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும். மார்கழி பிறந்தால் வேலியோரத் திட்டில் ஊட்டியின் உறைபனி விழும்; உச்சிப்பொழுது வரை உப்புக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கும். ஆரம்பத்தில் இதைப் பார்க்க அரவேணுவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். பஸ் கட்டணம் ஏறிய பிறகு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

டக்ளஸ் ஒரு தேயிலைக் கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் எழுத்து வேலை பார்த்து 1968-இல் ஓய்வு பெற்றவர். கம்பெனிக்கு மலையின் எல்லாப் பக்கமும் சொத்து இருந்தது. நெல்லியாளத்திலும் குன்னூரிலும் தேயிலைத் தோட்டங்கள், ஊட்டியில் பெரிய துரை தங்கும் பங்களா, மலை இறங்குகிற வழியில் பர்லியாற்றில் மிளகும் ஜாதிக்காயும் விளையும் பழத்தோட்டம். கையெழுத்து வாங்குவதற்காக டக்ளஸ் மாதம் தவறாமல் இந்தப் பங்களாக்களுக்கெல்லாம் போய் வர வேண்டும். ஒவ்வொரு பங்களாவின் முன்னாலும் புல்தரை இருந்தது. கிளார்க்குகள் அதில் கால் வைக்கக் கூடாது, ஓரமாகப் போட்டிருக்கும் சரளைப் பாதையில் சுற்றித்தான் போக வேண்டும். சுதந்திரம் வந்தது, வெள்ளைக்காரத் துரைகள் கப்பலேறினார்கள், நம்மவர்கள் துரையானார்கள். புதிய துரைகள் திரைச்சீலையை மாற்றினார்கள், நாயை மாற்றினார்கள், சரளைப் பாதையை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

ஐம்பதுகளில் ஒரு கிறிஸ்துமஸுக்குக் குன்னூர் பங்களாவில் ஊழியர் குடும்பங்களைக் கேக் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். டக்ளஸின் மனைவி தபித்தாளம்மாவுக்குப் பங்களா வழக்கம் தெரியாது. வராந்தாவில் துரைசானி நிற்பதைப் பார்த்துப் புல்தரையின் குறுக்கே நேராக நடந்தார். பாதிவழி போனபோது பட்லர் தொண்டையைச் செருமினார். சரளைப் பாதையை மோவாயால் காட்டினார், அவ்வளவுதான். தபித்தாளம்மா வந்த வழியே திரும்பி, ஓரமாகச் சுற்றிப்போய், கேக் சாப்பிட்டார். வீடு திரும்பும்போது பஸ்ஸில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் டக்ளஸுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்தச் செருமல் அவர் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து அவர், கால்சட்டை மடிப்பில் ஒட்டிக்கொண்டு வரும் புல்விதைகளை வாசலில் தட்டிவிடாமல் ஒரு பிஸ்கட் டின்னில் தட்டிச் சேர்க்கத் தொடங்கினார்.

ஓய்வு பெற்றுக் கோத்தகிரியில் வீடு கட்டியபோது டின் நிறைந்திருந்தது. வீட்டு முன்னால் உருளைக்கிழங்கு போடலாம் என்பது தபித்தாளம்மாவின் யோசனை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். டக்ளஸ் கேட்கவில்லை. "உனக்குன்னு ஒரு புல்தரை போடறேன் தபித்தா. நடுவுல நாற்காலி போட்டு நீ டீ குடிக்கோணும்" என்றார். எந்த விதை எந்த ஊரினது என்று பிரித்துப் பார்க்காமல் டின்னை அப்படியே கவிழ்த்து விதைத்தார். முளைத்து வந்தது தேமல் விழுந்த முதுகு மாதிரி இருந்தது. ஓரிடத்தில் கரும்பச்சை, ஓரிடத்தில் வெளிறல், ஓரிடத்தில் முழங்கால் உயரம். அடுத்த ஆனியில் கேட்டோரத் திட்டில் மழை தொடங்கியபோதுதான் விதைகள் தங்கள் ஊரையும் கூடவே கொண்டுவந்திருப்பது தெரிந்தது. குன்னூர்ப் புல் பார்க்க அழகு, கம்பளி மாதிரி மெத்தென்று வளர்ந்து, நடுத்திட்டைச் சுற்றி வளையமாகப் பரவியிருந்தது. ஆனால் யார் கால் வைத்தாலும் தொண்டையைச் செருமியது. நடுவில் மஞ்சளாக, முரடாக, நாலு நாற்காலி போடும் அளவுக்கு ஒரு திட்டு. அது பர்லியாற்றுப் புல். அதில் சில்வண்டு கத்தியது.

டக்ளஸுக்கு மழையும் பனியும் பெரிதாகப் படவில்லை. புல்தரை ஒரே நிறமாக இல்லை என்பதுதான் அவருக்கு மானக்கேடாக இருந்தது. "எல்லாம் ஒண்ணாகட்டும், அப்புறம் கால் வெக்கலாம்" என்று தபித்தாளம்மாவை உள்ளே விடவில்லை. அவரும் கால் வைக்கவில்லை. தன் சொந்தப் புல்தரையையும் ஓரமாகவே சுற்றிச் சுற்றி வந்து, நீளக் கம்பு கட்டிய வாரியால் எட்டி எட்டி வாரினார். முப்பது வருஷம் பழகிய கால், சொன்னால் கேட்குமா? உரக்கடை சுப்பண்ணன் சுண்ணாம்பு தூவச் சொன்னார். தூவியதும் ஊட்டித் திட்டில் பனி இரண்டு மடங்கானது. கடைசியில் டக்ளஸ் தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்துக்கு வந்தார். தேயிலைச் செடி தாறுமாறாக வளர்ந்தால் கவ்வாத்து வெட்டுவார்கள், அடியோடு மட்டமாக வெட்டிவிட்டால் எல்லாச் செடியும் ஒரே உயரத்தில் துளிர்க்கும். கவ்வாத்துக் கத்திக்காரர்களைக் கூப்பிட்டுப் புல்லுக்கும் அதையே செய்தார். வெட்டிய ஒரு வாரத்தில் நெல்லியாளத்து மழை இடியோடு வந்தது. தோட்டத்து ஆட்கள் யாரும் இதைத் தப்பென்று சொல்லவில்லை. அவர்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

இதற்கிடையே தபித்தாளம்மாவின் இளைப்பு முற்றியது. மலைக் குளிரில் ஐந்தாறு வருஷமாகவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. 1972 ஐப்பசி மழைக்குப் பிறகு சமையலறையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. குன்னூர் டாக்டர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இந்தக் குளிரில் இன்னொரு தை மாதத்தை இவர் தாங்கமாட்டார், கீழே சூடான ஊருக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார். மேட்டுப்பாளையத்தில் மகள் பிலோமி இருந்தாள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்குவது என்று முடிவானது. டிரங்குப் பெட்டிகளைக் கட்டி வைத்தார்கள். டக்ளஸ் இரவும் பகலும் பயந்தார். அந்தப் பயத்தோடு இன்னொரு கவலையும் இருந்தது: போவதற்குள் ஒரே ஒரு தடவை அவளை அந்தப் புல்தரையில் உட்கார வைத்துவிட வேண்டும்.

அதனால் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். குன்னூர்ப் புல்லை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வேரோடு பெயர்த்துவிடுவது, பெயர்த்த இடத்தில் குன்னூர்ப் புல்லைப் பதியன் போடுவது. உருளைக்கிழங்குக் காட்டில் வேலை செய்யும் ஒச்சப்பனைக் கூட்டிவந்தார். அவலட்சணமாக இருக்கும் நடுத்திட்டிலிருந்து தொடங்கச் சொன்னார். ஒச்சப்பன் மண்வெட்டியோடு குன்னூர்ப் புல்லைக் கடக்கும்போது அது செருமியது. புல்லுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்து அவர் பாட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் ஸ்வெட்டரைக் கழற்றினார், பிறகு சட்டையைக் கழற்றினார்.

"இந்த எடத்துல வேக்காடு தாங்கலீங்க சார்" என்றார்.

மார்கழிக் காலையில் ஒருவன் வேக்காடு என்றால் காரணம் சாராயமாகத்தான் இருக்கும் என்று டக்ளஸ் நினைத்தார். ஓரத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு நின்று, சீக்கிரம் வெட்டச் சொன்னார்.

பாதித் திட்டு போன நேரத்தில் தபித்தாளம்மா வேலைக்காரருக்கு டீ கொண்டுவந்தார். ஓரமாகச் சுற்றிப் போக மூச்சு போதாது. டம்ளரைப் பிடித்துக்கொண்டு புல்லின் குறுக்கே நேராக நடந்தார். குன்னூர்ப் புல் செருமியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மஞ்சள் புல்லில் போய் நின்றார், டீயைக் கொடுத்தார், திரும்புவதற்காக ஒரு மூச்சு இழுத்தார். அது அடிவரைக்கும் போனது. இன்னொன்று இழுத்தார். இளைப்பின் விசில் சத்தம் இல்லை. பலாப்பழ வாசனையும் ஈர மண்ணின் சூடுமாகப் பர்லியாற்றுக் காற்று நெஞ்சுக்குள் போய் வந்தது. தபித்தாளம்மா தோளிலிருந்த கம்பளியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒச்சப்பா, வெட்டறத நிறுத்து" என்றார். பிறகு ஓரத்தில் நின்றவரைப் பார்த்து, "ஏனுங்க, இங்க மூச்சு வருதுங்க" என்றார்.

டக்ளஸ் ஓரத்தில் நின்றபடியே அழுதார். நிறத்தைப் பார்த்து ஏமாந்த மனுஷன், டீ கொஞ்சம் பிந்தியிருந்தால் அந்த மூச்சையும் வெட்டிக் குப்பையில் போட்டிருப்பார்.

பெயர்த்த புல்லையெல்லாம் பொறுக்கி அன்றைக்கே திரும்ப நட்டார்கள். பிழைக்காதது போக மிச்சமிருந்த திட்டு ஒரு நாற்காலிக்குத்தான் காணும். தபித்தாளம்மா பகல் முழுவதும் அதில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்தார், வேதாகமம் படித்தார், தூங்கினார். ராத்திரிக்கு என்ன செய்வது என்று யோசித்து, டக்ளஸ் மஞ்சள் புல்லில் கொஞ்சத்தை நெய் டின்களில் நட்டுக் கட்டிலைச் சுற்றி வைத்தார். படுக்கையறையில் சில்வண்டு கத்தியதே தவிர வேறு தொந்தரவு இல்லை. தை மாதம் வந்தது, போனது. டிரங்குப் பெட்டிகளை அவிழ்த்துத் துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினார்கள். டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்து, புல்லைப் பற்றி ஒன்றும் கேட்காமல், மருந்தைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். புல்தரையைச் சரிசெய்யும் பேச்சு அதோடு நின்றது. நெல்லியாளத்துத் திட்டில் மழைநாளில் அண்டா வைத்துத் தண்ணீர் பிடித்தார்கள். பக்கத்து வீட்டு மருதாம்பாள் பால் கெடாமலிருக்க ஊட்டித் திட்டில் செம்பை வைத்துவிட்டுப் போவார். டக்ளஸ் நீள வாரியால் ஓரத்திலிருந்தே மஞ்சள் புல்லுக்கு எருப் போட்டார். அது அவர் விரும்பிய வேகத்தில் வளரவில்லை, வளராமலும் இல்லை.

நாலாவது வருஷம் கிறிஸ்துமஸ் அன்று, ஆராதனை முடிந்து வந்ததும் தபித்தாளம்மா நடுத்திட்டில் இரண்டு நாற்காலி போட்டார். மஞ்சள் புல் அந்த அளவுக்குப் பரவியிருந்தது. ஒரு முக்காலியில் இரண்டு கோப்பை டீ. டக்ளஸ் வழக்கம்போல் ஓரத்தில் நின்று, திட்டு எவ்வளவு அகலமாகிவிட்டது என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ரெண்டாவது நாற்காலி யாருக்குன்னு நெனச்சீங்க? பட்லருக்குங்களா?"

டக்ளஸ் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. குனிந்து பூட்ஸின் நாடாவை அவிழ்த்தார், காலுறையைக் கழற்றி அதற்குள் செருகினார். வெறுங்காலைக் குன்னூர்ப் புல்லின் மேல் வைத்தார். அது செருமியது, இருபது வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே செருமல். அவர் நின்றுவிட்டார்.

"செருமினா செருமட்டும்" என்றார் தபித்தாளம்மா. "வாங்க. டீ ஆறுது."

அவர் வந்தார். வேலியோரத்தில் பனி இன்னும் வெளுத்துக் கிடந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருக்கு வேர்த்தது. ஸ்வெட்டரைக் கழற்றி முழங்காலில் போட்டுக்கொண்டு கோப்பையை எடுத்தார். சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருந்தது, ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.