சுண்டலின் பொம்மைகளைக் கழுவியவள்

1

இந்தக் கதையை ஷாரோன்மேல் இருந்த எரிச்சலில்தான் எழுத ஆரம்பித்தேன். கலைக்காக என்று சொன்னால் நீங்களும் நம்பப்போவதில்லை. படப்பையில் ஒரே அறையில் நானும் அவளும் வாடகைக்கு இருக்கிறோம். ஒரகடத்தில் ஒரே தொழிற்சாலை, கார் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கும் பிரிவு, எதிரெதிர் ஷிப்ட். தீபாவளி போனஸில் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு காக்கட்டீல் கிளி வாங்கினோம். சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. சுண்டல் என்று பெயர் வைத்தோம். வைத்தோம் என்ன வைத்தோம், வைத்தது நான்.

அது அவளைத்தான் விரும்புகிறது.

முதல் வரியாக இதை எழுதிப் பார்த்தேன்: "ஷாரோன் என்ற பெண்ணுக்குப் பறவைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது." பொய், அடித்துவிட்டேன். அடுத்தது: "சசிகலா என்ற பெண்ணை ஒரு பறவை ஏமாற்றிக்கொண்டிருந்தது." சசிகலா நான்தான். கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் வாயில்லா ஜீவன்மேல் பழி போடுகிறது. மூன்றாவது: "படிக்கட்டில் ஷாரோனின் செருப்புச் சத்தம் கேட்டதும்"

இதை முடிக்கவில்லை. கேட்டதும் என்ன நடக்கும் என்று எழுத வயிறு எரிகிறது.

[சரி, எழுதித் தொலைக்கிறேன். கேட்டதும் சுண்டல் கூண்டுக் கம்பியில் ஏறி நின்று, அறையே அதிரக் கத்தும். நான் வந்தால் ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தினையைக் கொத்தும். இரண்டு பேரும் ஒரே தினையைத்தான் போடுகிறோம்.]

2

ஷாரோனுக்கு ஜனவரியில் கல்யாணம். வாலாஜாபாத் மாப்பிள்ளை. (கல்யாணத்தில் எனக்குப் பொறாமை இல்லை, பறவையில்தான். இந்த அடைப்புக்குறியை நம்பாதவர்கள் தாண்டிப் போகலாம்.) அடுத்த வாரம் அறையை விட்டுப் போகிறாள். சுண்டல் யாரோடு போகும், யாரோடு இருக்கும்? கதையே இதுதான்.

"அது யாருகிட்ட வருதோ அவங்களுக்கு, சரியாக்கா?" என்றாள். "ஞாயித்துக்கெழம கூண்டத் தொறந்து வுடுவோம். நீ ஒரு பக்கம் நில்லு, நான் ஒரு பக்கம் நிக்கிறேன்."

ஜெயிக்கப்போகிறவர்களுக்குத்தான் இவ்வளவு நியாயமாகப் பேச வரும். நான் சரி என்று சொல்லிவிட்டு, அன்றே பறவைப் பொம்மை தேட ஆரம்பித்தேன். லஞ்சம்தான். மறைமலை நகரில் ஒரு வீட்டில் பழைய பிளாஸ்டிக் பொம்மைகளை விற்பதாகப் போனில் பார்த்து, பஸ் பிடித்துப் போய் வாங்கி வந்தேன். ஓட்டை போட்ட பந்து, வளையச் சங்கிலி, சின்ன ஏணி, கயிற்றில் கோத்த வண்ண மணிகள். எல்லாவற்றிலும் காய்ந்த எச்சம்.

3

இந்த இடத்தில் கதை எனக்கு எதிராகத் திரும்புகிறது. அதனால் முதலில் எனக்குப் பிடித்த மாதிரி எழுதிக்கொள்கிறேன்.

"ஷாரோன் ஹார்டுவேர் கடையில் பெயின்ட் கரைக்கிற தின்னர் வாங்கி வந்தாள். பொம்மையைப் பம்பர் துடைப்பதுபோலத் துடைத்து"

போதும். தின்னர் வாங்கியது நான்.

பெயின்ட் அடிக்கும் முன்னால் பம்பரைத் துடைத்து அனுப்புவது லைனில் என் வேலை. ஒரு விரல் ரேகை மிச்சம் இருந்தாலும் அந்த இடத்தில் பெயின்ட் நிற்காது, சூப்பர்வைசர் அதைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வருவார். சுத்தம் என்றால் விரல் ரேகை இருக்கக் கூடாது, பளபளப்பு இருக்க வேண்டும். வருடக்கணக்காக எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பந்தை முதலில் எடுத்தேன். எச்சத்தைக் கத்தியால் சுரண்டினேன். துணியைத் தின்னரில் நனைத்து அழுத்தித் துடைத்தேன். கடைசியாக, கார் டாஷ்போர்டுக்கு அடிக்கிற பாலிஷ் ஸ்பிரேயையும் அடித்தேன். பந்து மின்னியது. மற்றவற்றைத் துடைக்கப் பொறுமை இல்லை. கொசு வரும் என்று ஜன்னலைச் சாத்திவிட்டு, பந்தைக் கூண்டில் மாட்டினேன்.

சுண்டல் என் பக்கம் ஓடி வந்தது. இதற்குத் தனி அத்தியாயம் கொடுக்காமல் இருக்க முடியாது.

4

வந்தது. என்னிடம் வந்தது.

5

கொஞ்ச நேரத்தில் அது கூண்டின் தரையில் போய் உட்கார்ந்தது. இறகை உப்பிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. நான் தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தபோது ஷாரோன் ஷிப்ட் முடிந்து உள்ளே வந்தாள். அவள் வந்தும் அது கத்தவில்லை.

"இன்னாக்கா, வூட்டுக்குள்ள பெயின்ட் ஷாப் வாடை வருது?" என்றவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பந்தைக் கழற்றி எறிந்துவிட்டு, கூண்டைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள்.

[அவள் இன்னும் நிறையப் பேசினாள். எல்லாம் நல்ல பேச்சு. அதனால்தான் வெட்டிவிட்டேன்.]

மாடிக் காற்றில் வெகுநேரம் கழித்துச் சுண்டல் தலையை உதறிக்கொண்டு எழுந்து நின்றது. நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அழுதேன். ஷாரோன் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் இந்தக் கதைக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"லைன்ல நமக்கு மாஸ்க் கீதுக்கா. அதுக்கு இன்னா கீது?"

6

மறுநாள் மிச்சப் பொம்மைகளையும் குப்பையில் போடப் போனேன். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"இத வித்தாங்களே, அவுங்க பறவைக்கு இன்னா ஆச்சாம்? கேட்டியா?"

"கேக்கல."

அவளே போன் போட்டுக் கேட்டாள். ஜன்னல் வழியாகப் பறந்துபோய்விட்டதாம், நோய் நொடி எதுவும் இல்லையாம். அதற்குப் பிறகுதான் வாளியைத் தொட்டாள். கயிற்று மணிகளைத் தூர எறிந்தாள். கயிற்றுக்குள் இறங்கிய அழுக்கு வெளியே வராதாம். விரிசல் விட்ட வளையங்களையும் எறிந்தாள். நான் பழக்க தோஷத்தில் கத்தியை எடுத்தேன்.

"சொரண்டாதக்கா, தூள் மூக்குல ஏறும். ஊறட்டும், தானா வுட்டுக்கும்."

பாத்திரம் கழுவும் சோப்பு கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு வளையமாகத் தேய்த்தாள். சும்மா நிற்க எனக்கு அவமானமாக இருந்தது. பிளீச்சிங் பவுடரையும் வினிகரையும் கொண்டு வந்தேன்.

"ரெண்டும் கலந்தா இன்னும் நல்லா போவும்ல?"

"ரெண்டும் சேந்தா விஷப் புகைக்கா. நம்மளே தாங்க மாட்டோம். வினிகர் மட்டும் குடு, அதுவும் தண்ணில கலந்து."

பிறகு அலசினாள், மறுபடி அலசினாள். ஒவ்வொன்றையும் மூக்கருகே பிடித்துப் பார்த்தாள். ஒரு வாடையும் இல்லை என்றான பிறகு வெயிலில் காயப்போட்டாள்.*

அவள் கழுவியது எனக்காக. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு எதிராக நான் ஆட்டப்போகிற பொம்மை அது. தெரிந்தேதான் இடுக்கு இடுக்காகத் தேய்த்தாள். பறவை அவளை விரும்புவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவள் இப்படி ஒருத்தியாக இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

* உங்கள் வீட்டிலும் பறவை இருந்தால் ஷாரோன் செய்தபடி செய்யுங்கள், நான் செய்தபடி வேண்டாம். இதைக் கதைக்குள் பெரிதாக எழுத மனம் வரவில்லை, அதனால் அடிக்குறிப்பு.

7

முடிவு ஒன்று: சுண்டல் என் தோளில் வந்து உட்கார்கிறது. எத்தனை முறை எழுதினாலும் அழகாக வருகிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

முடிவு இரண்டு: சுண்டல் ஷாரோனிடம்

முடிவு மூன்று: யாரிடமும் போகாமல் வானத்தில் பறந்துவிடுகிறது. எழுதுகிறவர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஆனால் நாங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் கூண்டைத் திறந்தோம்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். கூண்டுக் கதவு திறந்திருக்கிறது. நான் இந்தச் சுவரோரம், ஷாரோன் அந்தச் சுவரோரம். என் கையில் அவள் கழுவிய வளையச் சங்கிலி. ஆட்டுகிறேன், கலகலக்கிறது. சுண்டல் வாசலில் நின்று கழுத்தை நீட்டி என்னைப் பார்க்கிறது, அவளைப் பார்க்கிறது. தினமும் விசிலடித்துத்தான் அவள் அதைக் கூப்பிடுவாள். ஒரு விசில் போதும், எல்லாம் முடிந்தது. அவள் அடிக்கவில்லை. இரண்டு உதடுகளையும் மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டு நிற்கிறாள். கண் நிறைந்திருக்கிறது. அது சுண்டலுக்குத் தெரியாது, எனக்குத் தெரிகிறது.

பறவை யாரிடம் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். இந்த வரியை எழுதும்வரை என் கை சங்கிலியை ஆட்டிக்கொண்டேதான் இருக்கிறது. நான் நினைத்தால் நிறுத்தலாம். நிறுத்தினேனா இல்லையா என்பதுதான் அடுத்த வரி, அதை நான் எழுதப்போவதில்லை. இவ்வளவு நேரம் என்னைப் பார்த்துவிட்டீர்கள். என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்களோ, அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.