டக் பிரிந்த பாவாடை

அம்மா நாவல் எழுத ஆரம்பித்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். என் அக்கா ஹம்ஸினி எட்டு வயதில் டெங்குவில் போய்விட்டாள். அதிலிருந்து அம்மா எதிலும் மனசு வைத்ததில்லை என்று அப்பா சொல்வார். அக்கா போனபிறகு பிறந்தவள் நான், ரோகிணி. "ஒண்ணே போதும்னுதான் இருந்தோம். அவ இருந்திருந்தா நீ ஏதுடி?" என்று அம்மா விளையாட்டாகச் சொல்வாள். எனக்கு அந்த விளையாட்டு பிடிக்கவே பிடிக்காது.

நாவலில் 'நான்' என்று பேசுகிறவள் அக்கா. அதில் அவளுக்கு ஜுரமே வரவில்லை. ஞாயிறுதோறும் அம்மா லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து வாசிப்பாள். எனக்கு ஸ்கூலில் தெலுங்குதான், தமிழ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும், அதனால் கேட்பதோடு சரி. அக்கா சைக்கிள் கற்றாள், கண்ணாடி போட்டாள், கணக்கில் முதலாவதாக வந்தாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்வார். செத்தவள்கூட என்னைவிட நன்றாகப் படிக்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பீரோவில் அக்காவின் அரக்குப் பட்டுப்பாவாடை இருக்கிறது. வளருகிற பிள்ளை, உயரம் கூடக்கூடப் பிரித்துக்கொள்ளலாம் என்று அடியில் வரிசையாக டக் பிடித்துத் தைத்தது. ஒன்றைக்கூடப் பிரிக்க நேரவில்லை. ஒரு நாள் பூச்சி உருண்டை போடப் பீரோவைத் திறந்தேன். கீழ் டக் பிரிந்திருந்தது. அவ்வளவு நாள் மடிந்திருந்த இடம் மட்டும் புதுப்பட்டாக மின்னியது.

"நான் எங்கடி அதைத் தொடப் போறேன்? எனக்குத் தைரியம் ஏது?" என்றாள் அம்மா.

நாவலில் அக்கா பெரியவளானாள். மறுநாள் இன்னொரு டக் பிரிந்திருந்தது. அன்று காலை என் ஸ்கூல் ஸ்கர்ட்டில் புதிதாக ஒரு டக் இருந்தது. நெளிநெளியான கைத்தையல். போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சைனிக்புரி பஸ்ஸில் எப்போதும் பிடிக்கிற மேல்கம்பி எட்டவில்லை. தினமும் பார்க்கிற கண்டக்டர், "சின்ன பாப்பா, கூர்ச்சோ" என்று உட்காரவைத்தார். வகுப்பில் மிஸ் என் பெயரைத் தாண்டிப் போனார். அடுத்த அத்தியாயத்துக்குப் பிறகு அம்மாவே எனக்குத் தட்டு வைக்க மறந்தாள்.

அந்த ஞாயிறு நாவலில் அக்கா காலேஜில் சேர வேண்டும். வாசிக்க விடாமல் நான் லேப்டாப்பை மூடினேன்.

"இதுல நான் எங்கம்மா?"

"கதைதானேடி. அவ இருக்கற வீட்ல நீ எப்படி…" அம்மா பாதியில் நிறுத்தினாள்.

ஸ்கர்ட்டை அவள் மடியில் போட்டேன். அம்மா அந்தத் தையலை விரலால் தடவினாள்.

"இது ஹம்ஸி தையல். பொம்மைச் சட்டைக்கு இப்படித்தான் தைப்பா."

"நக்கோ அம்மா, வேண்டாம். என்னை அனுப்பிடாதே" என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் தலை அவள் இடுப்புக்குத்தான் வந்தது.

அம்மா அன்று சாப்பிடவில்லை. காலேஜ், சைக்கிள், கண்ணாடி எல்லாவற்றையும் அழித்தாள். பிறகு அழுதுகொண்டே தட்டினாள். சாயங்காலம் வாசிக்க உட்கார்ந்தாள்.

"'எனக்கு எட்டு வயதில் ஜுரம் வந்தது. அம்மா என் கையை விடவே இல்லை…'"

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. மிச்சத்தை நான்தான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். "'வி-டு-ம்-மா என்றேன். அம்மா விட்டாள். எனக்கு ஒரு த-ங்-கை பிறப்பாள்.'"

அப்பா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

காலையில் கட்டிலைவிட்டு இறங்கியதும் பீரோக் கண்ணாடியில் பார்த்தேன். பழைய உயரம். பாவாடையில் டக்கெல்லாம் திரும்பத் தைக்கப்பட்டிருந்தது, கடைசி ஒன்றைத் தவிர. அந்த இடத்தில் பட்டே இல்லை, கத்தரித்திருந்தது.

அம்மாதான் என் ஸ்கர்ட்டைப் புரட்டிப் பார்த்தாள். பழைய டக் பிரிந்திருந்தது. அடியில், உள்பக்கமாக, அரக்குப் பட்டு ஒட்டுப்போட்டுப் புதிதாக ஒரு டக் பிடித்திருந்தது. அதே நெளிநெளியான தையல்.

"நீ வளர்ந்தா பிரிச்சுக்கோன்னு வச்சிருக்காடி" என்றாள் அம்மா.