விரலில் மாட்டிய வெள்ளந்தி

எவனையும் நம்புகிற ஆள் இல்லை நான். பெட்ரோல் பங்கில் மீட்டரை எட்டிப் பார்ப்பேன். மருந்துக் கடையில் அட்டையைத் திருப்பித் தேதி பார்ப்பேன். எழுத்து கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பார்ப்பேன்.

அன்று சாரல் உள்ளே அடிக்கிறது என்று பட்டறை ஷட்டரை இறக்கிவிட்டு, ஒரு பழைய காரின் இன்ஜினை ஓடவிட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன். தலை வலித்தது. புகை கண்ணில் படவில்லை, நாற்றமும் பெரிதாக இல்லை. நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். புகையாமலே ஆளைக் கவிழ்க்கும் என்று எவனும் சொல்லவில்லை. டீ கொண்டுவந்த மனைவி ஷட்டரைத் தூக்கியதால் பிழைத்தேன்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது மூக்கின் மேல் ஒரு மூடி, விரலில் ஒரு கிளிப். ரத்தத்தில் ஆக்சிஜன் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்று கிளிப் காட்டியது. பக்கத்தில் மனைவியும் அவள் தம்பியும்.

"இன்ஜின் கேஸ் ரத்தத்துல கலந்து இதயத்தையும் தாக்கியிருக்கு. ஈசிஜி சரியில்ல, ரத்தப் பரிசோதனையும் அதத்தான் சொல்லுது. எழுந்து நடக்கக் கூடாது, இங்கயேதான் இருக்கணும்" என்றார் டாக்டரம்மா.

"இதயமா? இவருக்கா? நல்லாத் தேடிப் பாத்தீங்களா?" என்றாள் மனைவி. கண் மட்டும் கலங்கியிருந்தது.

நான் மூடியைக் கழற்றினேன். "நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது! பள்ளிக்கூடத்துல கூட இவ்ளோ மார்க் வாங்கினதில்ல. இவங்க கட்டிலை நிரப்பப் பாக்குறாங்க. கிளம்பு."

மச்சினன் சிரித்தான். "கூடப் பொறந்தவனையே நம்பாத ஆளு, ஒரு கிளிப்பைப் போய் நம்புறீங்களே மச்சான்!"

கிளிப்பைச் சரிசெய்ய வந்த நர்ஸும் சேர்ந்துகொண்டாள். "ஐயா, ரத்தத்துல நல்ல காத்து இருந்தாலும் சிவப்பு, அந்த விஷக் கேஸ் இருந்தாலும் சிவப்பு. இதுக்கு வித்தியாசம் தெரியாது. வெளுத்ததெல்லாம் பால்னு நினைக்கிற சாதி."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. காலைக் கீழே ஊன்றி எழுந்தேன். கதவை எட்டவில்லை, நெஞ்சில் ஸ்பேனர் போட்டு முறுக்கியது போல் இருந்தது. மச்சினன் பாய்ந்து இடுப்பைப் பிடித்தான்.

"என்ன மச்சான், செல்ஃப் எடுக்கலையா? தள்ளி விடவா?" என்றான். பிடியை மட்டும் விடவில்லை.

மனைவி கேலி செய்யாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"சரி, இருந்து தொலைக்கிறேன்" என்று கட்டிலில் சாய்ந்து, மூடியை நானே எடுத்து மாட்டிக்கொண்டேன். டாக்டரம்மாவைப் பற்றி இன்னும் ஏதோ சொல்ல வந்தேன். மூடிக்குள்ளேயே முனகலாய்ப் போயிற்று.

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நர்ஸிடம் கேட்டாள்: "ஏம்மா, வீட்டுக்குப் போறப்ப இந்த மூடியையும் தருவீங்களா?"