மாணவர் பி

கிரிம்ஸ்பியில் நான் படித்த பள்ளிக்கே இங்கிலீஷ் டீச்சராகத் திரும்பி வந்தேன். என் பழைய வாத்தியார் கிளைவ் மால்ட்பிதான் இப்போதும் துறைத் தலைவர். மற்ற டீச்சர்கள் எல்லாம் அவரைக் 'கிளைவ்' என்று வாய் நிறையக் கூப்பிடுகிறார்கள். நானும் முயன்று பார்த்துவிட்டேன். 'கி' வரைக்கும் வருகிறது, அதற்குள் 'சார்' வந்து குறுக்கே விழுந்துவிடுகிறது.

பதினோராம் வகுப்புக்கு ஒரு பாட நாவல் உண்டு. செங்கல் சூளைக்காரர் ஒருவரின் குடும்பக் கதை. நான் படித்தபோதும் அதுதான், கிளைவ் படித்தபோதும் அதுதான். எங்கள் பள்ளி எதை மாற்றினாலும் அதை மட்டும் மாற்றாது. அந்த நாவலுக்காகக் கிளைவ் பல வருஷங்களாகச் சேர்த்துவைத்த பயிற்சித் தாள்களையெல்லாம் இந்த வசந்தத்தில் ஒரு தொகுப்பாக்கியிருந்தார். எங்கள் நிர்வாகத்தின் கீழ் இருக்கும் ஏழு பள்ளிகளுக்கும் அது போகப்போகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்கு. வியாழக்கிழமை என் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து, அதை வைத்து நான் எப்படிப் பாடம் நடத்துகிறேன் என்று பார்ப்பார்.

திங்களன்று ஆசிரியர் அறையில் டீயும் பிஸ்கட்டுமாக அந்தத் தொகுப்பைப் புரட்டினேன். பதினாலாம் பக்கம் வந்ததும் பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு கேள்வியும், பெயரில்லாத இரண்டு மாணவர்களின் விடைகளும் இருந்தன. மகன் பாட்டுப் போட்டியில் வாங்கிய மெடலைக் கொண்டுவந்து காட்டுகிறான், அப்பா ஒன்றுமே சொல்லாமல் சூப் குடிக்கிறார். அந்த அப்பாவை நாவலாசிரியர் எப்படிச் சித்திரிக்கிறார் என்பது கேள்வி. மாணவர் ஏ வெளுத்து வாங்கியிருந்தார்: 'மௌனம் இங்கே அதிகாரத்தின் கருவியாகிறது. ஆறிப்போகும் சூப் பாசமின்மையின் குறியீடு.' முப்பதுக்கு இருபத்தெட்டு.

மாணவர் பி எழுதியது இது: 'அவர் கொடுமைக்காரர் இல்லை. களைத்துப்போயிருக்கிறார். எங்கப்பாவும் இப்படித்தான். வேலை முடிந்து வந்தால், ஸ்பூனைக் கீழே வைக்கும்வரை அவரிடம் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் தப்பு நம்முடையது.' முப்பதுக்கு மூன்று. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், 'பி செய்த தவறுகளைக் கண்டுபிடி.'

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இதே கேள்விக்குப் பதினைந்து வயதில் நான் எங்கப்பாவைப் பற்றித்தான் எழுதினேன். இந்த மனுஷன்தான் அதைத் திருத்தினார். 'இது உன் அப்பாவைப் பற்றி, நாவலைப் பற்றி அல்ல' என்று ஓரத்தில் சிவப்பில் எழுதித் தந்தார். தந்ததோடு விடாமல் நகல் எடுத்துவைத்து, வருஷா வருஷம் பிள்ளைகளிடம் கொடுத்துக் கடித்துக் குதற விட்டிருக்கிறார்! இனி ஏழு பள்ளிகள் குதறும்.

அந்தப் பக்கத்தை எப்படியாவது எடுக்க வைக்க வேண்டும். ஆனால் அது என்னுடையது என்று சொல்ல முடியாது. சொன்னால் முப்பதுக்கு மூன்று வாங்கியவளா இங்கே பாடம் நடத்துகிறாள் என்று ஆகிவிடும். மறுநாள் அவரைக் காரிடாரில் பிடித்தேன்.

"சார், அந்தப் பதினாலாம் பக்கம் தேவைதானா? சும்மா எடத்த அடைக்குது."

"பதினாலா? நம்ம பி இருக்கற பக்கமா? அதுதாம்மா உயிரே! பி-ன்னா பசங்களுக்கு அவ்வளவு இஷ்டம்."

"கிழிக்கறதுக்குத்தானே இஷ்டம்."

"கிழிக்கட்டுமே. கிழிச்சாத்தான் கத்துப்பாங்க." விசிலடித்துக்கொண்டே போய்விட்டார். அந்த விசிலை நான் மன்னிக்கவே இல்லை.

சரி, நடத்தாமலே விட்டால் என்ன? வியாழக்கிழமைக்கு அந்தப் பக்கத்துக்குப் பதிலாக மேற்கோள் அட்டைகளை எடுத்துவைத்துக்கொண்டேன். வகுப்பு தொடங்கியது. கிளைவ் உள்ளே வந்தார். கையில் மெஷினிலிருந்து அப்போதுதான் வந்த சூடான நகல்கள், பதினாலாம் பக்கம். "ஹேலி, ஒனக்கு வேலை வைக்க வேண்டாமேன்னு நானே எடுத்துட்டு வந்துட்டேன்" என்று சொல்லி மேஜை மேஜையாக அவரே கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

பிள்ளைகள் திருத்துவதற்கென்றே வைத்திருக்கும் ஊதாப் பேனாக்கள் வெளியே வந்தன. எல்லிஸ் என்று ஒருத்தன் இருக்கிறான், வாய் மூடாதவன். அவன்தான் ஆரம்பித்தான்.

"மிஸ், இவன் நாவலைத் தொறந்தே பாக்கல. சத்தியமா."

"மேற்கோள் இல்ல, விளக்கம் இல்ல" என்றான் பக்கத்திலிருந்த காட்ஸ்பெர். "மூணு மார்க்கே ஜாஸ்தி மிஸ். பேனா எடுத்துட்டு வந்ததுக்குப் போட்டிருப்பாங்க."

வகுப்பே சிரித்தது. நானும் சிரிப்பதுபோலப் பல்லைக் காட்டினேன்.

"இவங்கப்பாவப் பத்தி யாரு கேட்டா?" எல்லிஸ் விடவில்லை. "இந்த பி இப்ப என்ன பண்ணிட்டிருப்பான் தெரியுமா? மீன் ஃபேக்டரில பொட்டி அடுக்கிட்டிருப்பான்."

"எங்கம்மா அங்கதான்டா வேலை பாக்கறாங்க" என்றாள் ஜன்னலோரத்து பிரோகன். "வாய மூடு."

"எங்கப்பாவும்தான்!" என்றேன் நான். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. முப்பது தலைகள் நிமிர்ந்தன. சரி, வந்தது வரட்டும். "பி-க்கு நாவல் புரியலன்னு யாருடா சொன்னது? மூணு மார்க் போட்டவருக்குத்தான் புரியல!"

மூன்று மார்க் போட்டவர் பின்வரிசையில் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டார். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். போகிற வேலைதானே, இன்னும் ஒரு அடி போய்ப் பார்ப்போம் என்று தோன்றியது.

"பி சொல்றது சரின்னு வெச்சுக்கோங்க. மனுஷன் களைச்சுத்தான் போயிருக்கார். அதுக்கு நாவல்ல என்ன ஆதாரம் இருக்கு? பி தேடல, சோம்பேறி. நீங்க தேடுங்க."

புத்தகங்கள் திறந்தன. கொஞ்ச நேரம் தாள் புரளும் சத்தம் மட்டும். முதலில் பிரோகன்தான், "மிஸ், அவரு உக்கார்றதுக்கு முன்னாடி செவுத்தப் பிடிச்சுக்கறாரு" என்றாள். கைகழுவிய தண்ணீர் செங்கல் நிறமாக ஓடுவதைக் காட்ஸ்பெர் கண்டுபிடித்தான். கடைசியில் எல்லிஸ் எழுந்தே நின்றுவிட்டான். "மிஸ்! மிஸ்! ரொட்டில பெரிய துண்ட அவரு பையன் பக்கம் தள்றாரு மிஸ்! அதுவும் பேசாமலேதான்!" தன் சொந்த அப்பாவையே கையும் களவுமாகப் பிடித்துவிட்டவன்போல அவனுக்கு அப்படி ஒரு பூரிப்பு. மணி அடித்தும் நாலைந்து பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். மீன் ஃபேக்டரிப் பேச்சை மறந்து எல்லிஸ் பிரோகனிடம் ஊதாப் பேனா கடன் கேட்டான், அவளும் கொடுத்தாள்.

வகுப்பு காலியானதும் கிளைவ் முன்னால் வந்து ஒரு சின்ன மேஜைமேல் உட்கார்ந்தார்.

"யாருக்கு நாவல் புரியலன்னு சொன்ன?"

"சார், அது நான் எழுதினது." எல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. "எங்கப்பாவும் ஸ்பூனும். நீங்கதான் திருத்தினீங்க. சிவப்புல எழுதினீங்களே, ஞாபகம் இல்லையா? இத்தன வருஷம் என்னக் கிழிச்சிருக்கீங்க, இப்ப ஏழு ஸ்கூலுக்கு வேற!"

அவர் முதலில் முழித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்கு.

"நீயுமா? ஆபீஸ்ல இருக்கற மாரீனும் அது தன்னோடதுன்னு சத்தியம் பண்றா. போன வருஷம், எங்கிட்டப் படிச்ச பேக்கரிக்காரன் தன் பையனோட தாளப் பாத்துட்டு வந்து சண்டையே போட்டுட்டான். ஹேலி, அது என்னோடதும்மா. எங்கப்பா மீன்பிடிக் கப்பல்ல இருந்தாரு. மூணு வாரம் கடல், மூணு நாள் வீடு. எங்க வாத்தியார் போட்ட மார்க்குதான் மூணு."

"அப்போ... அந்தச் சிவப்பு வரி?"

"அதுவும் அவரு எனக்கு எழுதினதுதான். பரீட்சைல ஒனக்கு மார்க் கிடைக்காதேன்னு பயந்து நானும் அதையே எழுதினேன். இன்னைக்கு நீ நடத்தின மாதிரி நடத்த எனக்குத் தோணவே இல்ல பாரு."

எனக்கு நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நாலு நாள் வயிறெரிந்து, முப்பது பேர் முன்னால் கத்தி, கடைசியில் பி நான் இல்லையாம்.

"நான் அப்பாவப் பத்தி எழுதினது உண்மை சார்."

"எழுதின. ஆனா ஒன்னோடதுல ஸ்பூன் கிடையாது, பூட்ஸ். 'ரெண்டாவது பூட்ஸக் கழட்டற வரைக்கும் எங்கப்பாகிட்ட எதுவும் கேக்கக் கூடாது.' அஞ்சு மார்க் போட்டேன். என்னவிட ரெண்டு ஜாஸ்தி."

பூட்ஸ். ஆமாம், பூட்ஸ்தான். பதின்மூன்று வருஷமாக அவர் அதை ஞாபகம் வைத்திருக்கிறார், நான்தான் மறந்துபோயிருக்கிறேன்.

"அப்போ அதையும் போடுங்க" என்றேன். "மாணவர் சி. அச்சுக்கு நாளைக்குத்தானே போகுது?"

"தவறுகளைக் கண்டுபிடின்னு போடட்டுமா?"

"வேணாம். சி சொல்றதுக்கு ஆதாரம் கண்டுபிடின்னு போடுங்க, கிளைவ்."

பெயர் வந்துவிட்டதை நான் கவனித்தேனோ இல்லையோ, அவர் கவனித்தார்.

அன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்குப் போனேன். வியாழக்கிழமைகளில் அவரோடுதான் சாப்பாடு. நாளெல்லாம் மீனோடு நிற்பவர் வீட்டில் மீன் கிடையாது, சாசேஜும் உருளைக்கிழங்கும்தான். நான் சாசேஜைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் ஷிப்ட் முடிந்து வந்து வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று நடந்தது முழுவதும் என் நாக்கு நுனியில் நின்றது. வாயைத் திறந்துவிட்டேன்.

ஒரு பூட்ஸ் இன்னும் காலில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு தட்டுகளை எடுத்துவைத்தேன். அவர் குனிந்து, கயிற்றைத் தளர்த்தி, இரண்டாவதையும் கழற்றி முதல் பூட்ஸின் பக்கத்தில் வைத்தார்.

"ம்" என்றார். "சொல்லும்மா."