திரு. குணசீலன் என்று அடிக்கும்போது

1
இந்தக் கதை எனக்கு ஒரு கலியாணக் கார்டிலிருந்து கிடைத்தது. சாவகச்சேரியில் ஓர் அச்சகம். ஒரே கணினியில் இரண்டு பேர் வேலை: எமில்ராஜ் மரண அறிவித்தல் அடிப்பவர், தக்சாயினி கலியாணக் கார்டு அடிப்பவள். முதல் வரியை இப்படித் தொடங்கினேன்:

'தக்சாயினிக்கு அன்று காலையிலிருந்தே மனம் ஏதோ—'

வேண்டாம். அவள் மனம் நன்றாகத்தான் இருந்தது. குழப்பம் திரையில் இருந்தது.

2
மணப்பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால் 'திரு.' என்று அடித்து இடைவெளி விட்டாள். அது 'அமரர்' ஆனது. அழித்து மறுபடி அடித்தாள். மறுபடியும் அமரர்.

பக்கத்துக் கதிரையில் மணப்பெண்ணின் தாய் இராசமலர்.

"என்ன பிள்ளை, அவரைச் சாகடிக்கிறியோ?"

"ஐயோ அன்ரி! நான் திரு எண்டுதான் அடிக்கிறன். உதுதான் மாத்துது."

"உதுக்கு ஆர் சொன்னது?"

(நியாயமான கேள்வி. இராசமலரின் கணவர் குணசீலன் போர் முடிந்த நாள்களில் ஒரு பஸ்ஸில் ஏற்றப்பட்டவர். இறங்கியதை யாரும் காணவில்லை. மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று வந்தவர்களையெல்லாம் இராசமலர் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். இப்போது ஒரு மென்பொருள், கேட்காமல் கொள்ளாமல்—)

3
இங்கே நிறுத்தி விளக்கியே ஆகவேண்டும். எனக்குப் பிடித்த பகுதி இது.

நீங்கள் உங்கள் பெயரில் கணினிக்குள் நுழைந்ததும், எழுதும் மென்பொருள் அந்தப் பெயருக்குரிய ஒரு சின்னக் கோப்பைத் தேடிப் படிக்கும். எந்த எழுத்துரு, எவ்வளவு ஓரம், எந்தச் சொல்லைத் தானாக மாற்றவேண்டும், எல்லாம் அதில் இருக்கும். தேத்தண்ணிக் கடைக்காரர் உங்கள் முகத்தைக் கண்டதும் சீனி குறைத்த பிளேன்ரீயைக் கொண்டுவந்து வைப்பாரே, அதுபோல. சாவீட்டுக்காரர் துண்டுக் காகிதத்தில் 'திரு.' என்றே எழுதிக் கொடுப்பார்கள். அதை 'அமரர்' ஆக்கு என்று எமில்ராஜ் தன் கோப்பில் சொல்லி வைத்திருந்தார். அன்று வெளியேறாமல் சாப்பிடப் போய்விட்டார். தக்சாயினி அவருடைய பெயருக்குள் இருந்துகொண்டு அடித்திருக்கிறாள்.

4
தொலைபேசியில் எமில்ராஜ் சிரித்தார். "அதிலை கலியாணம் அடிச்சால் மாப்பிளையும் தப்பமாட்டான்! வெளியாலை வந்து உன்ரை பேரிலை போ."

போனாள். அவளுடைய கோப்பு ஏறியது. எழுத்துகள் உருண்டையாயின, ஓரம் அகன்றது. 'திரு. குணசீலன்' அசையாமல் நின்றது.

முடிவு ஒன்று: இராசமலர் சிரிக்கிறார், கார்டு அச்சுக்குப் போகிறது. எழுதிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

5
"பிள்ளை, திரு எண்டால் மாப்பிளை வீட்டுச் சனம் மணவறையிலை ஆளைத் தேடுமெல்லோ?"

"அப்ப... அமரர் எண்டே விடட்டோ, அன்ரி?"

"வாயைக் கழுவு!"

"வெறும் பேரைப் போடட்டோ?"

"முன்னுக்கு ஒண்டுமில்லாமல் நிக்க அவரென்ன களவெடுத்தவரோ?"

தக்சாயினிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும்தான். முடிவு இரண்டு: மகள் சாருஜா வந்து தாயிடம்— இல்லை, கலியாணப் பெண்ணின் தலையில் இதை ஏன் ஏற்றவேண்டும்? கோப்பு பிழை செய்துகொண்டிருந்த வரைக்கும் இராசமலருக்குக் கோபிக்க ஒன்று இருந்தது. இப்போது திரை அவர் சொல்வதைக் கேட்கக் காத்திருக்கிறது.

அவர் கதிரையை முன்னால் இழுக்கிறார். தக்சாயினியின் கையை மெல்ல விலக்குகிறார். கணவரின் பெயருக்கு முன்னால் இருப்பதை ஒவ்வோர் எழுத்தாக அழிக்கிறார். அந்த இடத்தில், அடுத்த எழுத்துக்குக் காத்திருக்கும் சின்னக் கோடு விட்டு விட்டு மின்னுகிறது.

நான் இத்துடன் கையை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் வேண்டுமானால் பக்கத்தில் நில்லுங்கள். சொல் எடுத்துக் கொடுக்காதீர்கள்.